கேப் கைத்துப்பாக்கி: துருவைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

செங்கோட்டையைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆரியங்காவுப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்த தாத்தாவின் மரப்பெட்டியில் பழைய கைத்துப்பாக்கி ஒன்றும், குண்டு வார்க்கும் அச்சு ஒன்றும் இருந்தனவாம். குழல் உருண்டையானது, ஏறக்குறைய ஒரு சாண் நீளம், பூண்கள் பித்தளை, குழலுக்கு அடியில் உள்ள கம்பி கழன்று விழாமல் ஒரு கொண்டியில் ஆடுகிறது, பக்கத் தகட்டில் தேய்ந்துபோன ஒரு மிருகத்தின் உருவமும், 18 என்று தொடங்கும் ஓர் ஆண்டும் மங்கலாகத் தெரிகின்றன. இது என்ன, வீட்டில் வைத்திருக்கலாமா, எப்படித் துலக்குவது, இதிலிருந்து ஒரு சேகரிப்பைத் தொடங்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

துலக்குவது பற்றிய கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற மூன்றையும் அதுவே கெடுத்துவிடும். தயவுசெய்து எதையும் துலக்காதீர்கள். இத்தகைய பொருளின் வயது, பிறப்பிடம், யார் கையில் இருந்தது, பின்னால் யார் மாற்றினார்கள் என்பதெல்லாம் அதன் மேற்பரப்பில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. உப்புத்தாளும் புளியும் அரை மணி நேரத்தில் அழித்துவிடுகிற எழுத்தை உலகில் எந்த நிபுணராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பளபளவென்று தேய்த்த துப்பாக்கியைக் கொண்டுவந்து பெருமையோடு நீட்டும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கிறது.

துடைக்காவிட்டாலும் இன்றே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. அது கெட்டித்த நிலையில், அதாவது குழலுக்குள் வெடிமருந்தும் குண்டும் திணிக்கப்பட்டு, இருக்கிறதா என்று பார்ப்பது. நூறு ஆண்டுகள் பெட்டியில் கிடந்ததால் மருந்து செத்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த கருமருந்து, ஈரம் படாமல் இருந்தால், எத்தனை தலைமுறையானாலும் தன் வேகத்தை இழப்பதில்லை. அந்தக் காலத்தில் காட்டுப் பாதையில் போகிறவர்கள் கெட்டித்து வைத்துவிட்டுச் சுடாமலே விட்டுவிடுவது சாதாரணம். எனவே குழலின் வாய் யாரையும் நோக்காதபடி துப்பாக்கியைக் கிடத்திவிட்டு, சுத்தியலின் மூக்குக்குக் கீழே துருத்தி நிற்கும் சிறிய குமிழைக் கவனியுங்கள். அதன் தலையில் செம்பாலான சிறு தொப்பி, அதாவது கேப், மாட்டியிருந்தால் சுத்தியலைத் தூக்கவோ தொப்பியைக் கிள்ளி எடுக்கவோ முயலாமல், அப்படியே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தொப்பி இல்லையென்றால், குழல் வாய்க்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றுகொண்டு, மெல்லிய மரக்குச்சி ஒன்றை வாய்வழியே மெதுவாக உள்ளே நுழைத்து, அது முட்டி நிற்கும் இடத்தில் வாய்விளிம்பை ஒட்டிப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேலே அதே குறிக்கு ஒட்ட வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி குமிழ் இருக்கும் இடம் வரைக்கும் எட்டினால் குழல் வெறுமை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்பாகவே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கின்றன என்றே கொள்ள வேண்டும். குச்சியும் உலோகமாக இருக்கக் கூடாது, அதைக் கொண்டு உள்ளே குத்தவும் கூடாது.

அடுத்து சட்டம். பழம்பொருள்தானே, அதற்கு உரிமம் எதற்கு என்ற எண்ணம் நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவில் பழமையான, வழக்கொழிந்த, பழுதுபட்ட ஆயுதங்களுக்கு விலக்கு அளிப்பது உண்மை. ஆனால் அந்த விலக்கு, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத நிலையில் உள்ளவற்றுக்கு மட்டுமே உரியது. உங்கள் தாத்தாவின் துப்பாக்கியில் சுத்தியல் விழுகிறது, குமிழின் துளை திறந்திருக்கிறது, குழல் அடைபடவில்லை என்றால், அதன் வயது 170 ஆக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கிதான். வாய்வழியே கெட்டிக்கும் துப்பாக்கிக்குப் பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் தருவதைப் பற்றி அதே சட்டம் பேசுவதிலிருந்தே, அந்த வகையைப் பொம்மையாக அது கருதவில்லை என்பது விளங்கும். சுடத் தகுந்ததா இல்லையா என்பதை நீங்களோ நானோ தீர்மானிக்க முடியாது. உரிமம் வழங்கும் அதிகாரி, அதாவது உங்களுக்குத் தென்காசி மாவட்ட ஆட்சியர், ஆயுத வல்லுநரின் அறிக்கையைப் பெற்றே அதை முடிவு செய்வார்.

வழி இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இறந்தவரின் துப்பாக்கிக்கு வாரிசு உரிமம் கோர இடமளிக்கின்றன. இறப்புச் சான்றும், மற்ற வாரிசுகளுக்கு மறுப்பில்லை என்ற கடிதமும் அதற்குத் தேவைப்படும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் இரண்டுதான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முடிவு வரும்வரை காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ அதை ஒப்படைத்து வைக்கச் சட்டத்தின் 21ஆம் பிரிவு வழி சொல்கிறது. ஒரு வழக்கறிஞரைக் கொண்டு முதலில் எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். பொருளைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறாதீர்கள். அதிலும் விலை கேட்பதற்காக ஆரியங்காவுச் சோதனைச் சாவடியைத் தாண்டிப் புனலூருக்கோ கொச்சிக்கோ கொண்டுபோவது வீண் வம்பு. தாத்தாவின் காகிதங்களையும் தேடுங்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், பழைய உரிமச் சீட்டு இருந்தால் மலையாளத்தில் இருக்க வாய்ப்புண்டு. அது கிழிந்த துண்டாக இருந்தாலும் சட்டத்துக்கும் வரலாற்றுக்கும் அதைவிட நல்ல சான்று கிடையாது.

இனி இது என்ன என்பதற்கு வருகிறேன். இது கேப் வகைக் கைத்துப்பாக்கி. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டு வெடி எப்படி ஓர் அடியில் பொறிந்து வெடிக்கிறதோ, அதே இயல்புள்ள ஒரு சிட்டிகை மருந்து செம்புத் தொப்பியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். விசையை இழுத்ததும் சுத்தியல் தொப்பியின் மேல் விழ, பிறக்கும் தீ குமிழின் துளை வழியாகக் குழலுக்குள் பாய்ந்து கருமருந்தைப் பற்றவைக்கும். சுத்தியலின் மூக்கு கிண்ணம்போலக் குழிந்திருப்பது, சிதறும் செம்புத் துணுக்குகள் சுடுகிறவர் கண்ணில் படாமல் தடுப்பதற்காக. இதற்கு முன்பு இருந்தது சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி உண்டாக்கும் முறை. அதில் பற்றுமருந்து வெளியே ஒரு சிறு தட்டில் இருக்கும். காற்று அடித்தால் பறக்கும், சாரல் பட்டால் நனையும். அடித்தால் வெடிக்கும் பாதரச ஃபல்மினேட் என்ற உப்பைப் பற்றி எட்வர்ட் ஹோவர்ட் 1800இல் எழுதியதும், ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊர்ப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு இயங்கும் பூட்டுக்கு, அதாவது சுத்தியலும் விசையும் சேர்ந்த பொறிக்கு, 1807இல் காப்புரிமை பெற்றதும் அந்தத் தொல்லைக்கு முடிவு கட்டின. செம்புத் தொப்பி அதற்குப் பின் சில ஆண்டுகளில் வந்தது. 1820களில் வேட்டைக்காரர்களிடம் பரவி, 1840களில் படைகளுக்குள் நுழைந்தது.

இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை எண்களில் சொல்ல வேண்டுமானால், 1834இல் பிரிட்டிஷ் படைத்துறை லண்டனை அடுத்த உல்விச்சில் நடத்திய சோதனையைச் சொல்லலாம். வகைக்கு 6,000 முறை சுட்டபோது சக்கிமுக்கித் துப்பாக்கிகள் 922 முறையும், கேப் துப்பாக்கிகள் 36 முறை மட்டுமே பற்றாமல் போயின. நம்மோடு தொடர்புள்ள ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1841 மே மாத இறுதியில், பிரிட்டனுக்கும் சீனத்துக்கும் நடந்த அபினிப் போரின்போது, சீனத்தின் கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி என்ற இடத்தில், 37ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு சிறு பிரிவு கொட்டும் மழையில் தனித்துச் சூழப்பட்டது. அவர்கள் கையிலிருந்த சக்கிமுக்கித் துப்பாக்கிகள் நனைந்து வேலை செய்யவில்லை. கேப் துப்பாக்கிகளோடு அனுப்பப்பட்ட கப்பற்படை வீரர்கள் போய்த்தான் அவர்களை மீட்டார்கள். கேப் துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது பலரும் லண்டனையும் அமெரிக்காவையும் மட்டுமே நினைக்கிறார்கள். மழையில் சுட முடியாத ஆயுதத்தை ஏந்தி நின்ற மதராஸ் சிப்பாய்களின் அனுபவமும் இந்த வரலாற்றில் சேர்ந்தது என்பதை நம்மவர்கள் மறந்துவிடக் கூடாது.

தகட்டில் இருக்கும் மிருகத்தைப் பாருங்கள். அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச் விளக்கைத் தகட்டின் மேலே பிடிக்காமல், அதன் ஓரத்தோடு படுக்க வைத்ததுபோல ஒளியைச் சாய்த்து ஓடவிடுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் கறையாகத் தெரிவது, சாய்ந்த ஒளியில் பள்ளமும் மேடுமாக எழுந்து நிற்கும். பின்னங்கால்களில் நின்றுகொண்டு முன்னங்கால்களில் ஒரு கிரீடத்தைப் பிடித்திருக்கும் சிங்கம் தெரிந்தால் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. ஏறக்குறைய 1808க்கு முன்பு கம்பெனி ஆயுதங்களில், நான்காகப் பகுத்த இதய வடிவமும் அதற்குள் எழுத்துகளும் இருந்தன. அதன் பிறகே சிங்கம் வந்தது. நீங்கள் சொல்லும் பித்தளைப் பூண்களும், கொண்டியில் ஆடும் கம்பியும், சாண் நீளக் குழலும் கம்பெனிக் குதிரைப்படைக் கைத்துப்பாக்கிக்குப் பொருந்துகின்றன. குதிரை மேல் இருந்தபடி கெட்டிக்கும்போது கம்பி கைநழுவிக் கீழே விழக் கூடாது என்பதற்காகவே அந்தக் கொண்டி. குழல் வாயின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். 16, 17 மில்லிமீட்டர் அளவில் வந்தால் ஊகம் வலுப்படும். 1858இல் ஆட்சி கம்பெனியிடமிருந்து முடியாட்சிக்கு மாறியது. ஆகவே தகட்டில் சிங்கத்தோடு 1840களின் அல்லது 1850களின் ஆண்டு இருந்தால் அது இயல்பானது; 1870 என்று இருந்தால் ஐயப்பட வேண்டும். சிங்கத்துக்குப் பதிலாகக் கிரீடமும் டவர் என்ற ஆங்கிலச் சொல்லும் இருந்தால் அது பிரிட்டிஷ் அரசுப் படைக்கு உரியது. அந்த ஆண்டு பூட்டைச் செய்த ஆண்டுதான் என்பதையும், குழலும் கட்டையும் வேறொன்றிலிருந்து வந்து சேர்ந்திருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

படைக்கலம் எப்படித் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்தது என்று வியக்க வேண்டியதில்லை. 1860களுக்குப் பிறகு தெற்கு மலைகளில் காப்பித் தோட்டமும் பின்னர் தேயிலைத் தோட்டமும் போட வந்த துரைமார்கள் பழைய ஆயுதங்களையும் உடன் கொண்டுவந்தார்கள். உலோகத் தோட்டா பரவி, கேப் துப்பாக்கிகள் மதிப்பிழந்த காலம் அது. ஊர் திரும்பும் துரை தன் சாமான்களை ஏலம் விட்டுவிட்டோ, வேண்டியவருக்குக் கொடுத்துவிட்டோ போவது வழக்கமாக இருந்தது. உங்கள் குடும்பத்தில் அப்படி ஏதாவது கதை வழங்கினால், சொல்பவர் யார் என்ற குறிப்போடு இப்போதே எழுதி வையுங்கள்.

குழல் வெடிப்பைத் தாங்குமா என்று சோதித்தபின் குத்தும் சோதனை முத்திரைகள் இன்னொரு வாசல். தனியார் வாங்கிய துப்பாக்கிகளில் இவை குழலின் பின்பகுதியில், பெரும்பாலும் இடப்பக்கத்தில் அல்லது அடியில் இருக்கும். கிரீடத்தின் கீழே பின்னிக்கிடக்கும் ஜி, பி எழுத்துகளும் கிரீடத்தோடு கூடிய வி எழுத்தும் லண்டனுக்கு உரியவை. குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்களின் இடைவெளிகளில் பி, பி, சி (BPC) என்ற எழுத்துகளோ, வி (V) என்ற எழுத்தோ இருந்தால் பர்மிங்காம். அங்கே சோதனைச் சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜி என்று இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ். அந்த முட்டை வடிவத்தின் தலையில் கிரீடம் இருந்தால் 1893க்கு முன்பு அது குத்தப்பட்டிருக்க முடியாது. கேப் முறை வழக்கொழிந்த பிறகும் வெளிநாட்டு விற்பனைக்காக அவர்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். குழலில் 54, 80 போன்ற எண் தெரிந்தால், அந்த வாய்க்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கும் என்பதே அதன் பொருள். எனவே எண் பெரிதாக ஆக, வாய் சிறிதாகும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பெயர்களைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். சென்னை மவுண்ட் ரோட்டுக் கடையின் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் அது விற்றவர் பெயர். செய்தவர் பர்மிங்காமில் இருந்திருப்பார். லண்டனின் பேர்பெற்ற துப்பாக்கி வினைஞர் ஜோசப் மான்டன் பெயரை அக்காலத்திலேயே கண்டபடி போலியாகப் பொறித்தார்கள். அவர் 1826இல் திவாலாகி 1835இல் இறந்தவர். ஆகவே சுழலும் அறைகளோடு கூடிய ரிவால்வர் ஒன்றில் அந்தப் பெயரைக் காட்டி யாராவது விலை பேசினால் எழுந்து வந்துவிடலாம். லண்டனில் அமெரிக்கக் கோல்ட் (Colt) துப்பாக்கி நிறுவனத்தின் தொழிற்சாலை 1853 முதல் சில ஆண்டுகளே இயங்கியது. அதன் முகவரி பொறித்த குழல்கள் சேகரிப்பாளர்கள் தேடுபவை. ராபர்ட் ஆடம்ஸ் 1851இல் காப்புரிமை பெற்ற ரிவால்வரும், பர்மிங்காமின் வில்லியம் டிரான்டர் செய்த இரட்டை விசை ரிவால்வரும் இந்தியாவில் இருந்த அதிகாரிகள் விரும்பி வாங்கியவை. இவையெல்லாம் அழகான பொருள்கள்தாம். ஆனால் நம் ஊரில் அவற்றைத் தேடி அலைவதைவிட, தேய்ந்த சிங்கத்தோடு கிடைக்கும் ஒரு கம்பெனிப் படைக்கலத்தை முழுமையாக அறிவது மேல் என்பது என் முடிவு.

போலிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மட்டாஞ்சேரி யூதத் தெரு முதல் சுற்றுலாத் தலங்கள் எல்லாவற்றிலும், அலங்காரத்துக்காக நம் நாட்டிலேயே செய்த புதிய கைத்துப்பாக்கிகள் பழையவற்றோடு கலந்து கிடக்கின்றன. டவர் என்ற சொல்லையும் கிரீடத்தையும் பார்த்தவுடன் வாங்கிவிடுகிறார்கள். அசல் பொறிப்பில் எழுத்துகள் ஒரே ஆழத்தில், கூர்மையான ஓரத்தோடு இறங்கியிருக்கும். புதியதில் கோணலாக, வார்ப்பில் கரைந்ததுபோல் இருக்கும். பித்தளைப் பூணின் உட்புறத்தில் சிறு குமிழித் துளைகள் தெரியும். குமிழில் துளையே போட்டிருக்க மாட்டார்கள். மரத்தின் கறுப்பு, கைபட்ட இடத்தில் மழுங்கியும் மூலைகளில் அடர்ந்தும் இல்லாமல், சாயம் பூசியதால் எங்கும் ஒன்றுபோல் இருக்கும். திருகாணிகளின் தலையில் உள்ள பிளவு அசலில் மிக ஒடுக்கமானது; இன்றைய திருப்புளி அதில் இறங்காது.

சக்கிமுக்கியாகப் பிறந்து கேப்பாக மாற்றப்பட்டவை போலிகள் அல்ல, அவை வரலாற்றின் நேர்ச் சாட்சிகள். பூட்டுத் தகட்டில் பழைய மருந்துத் தட்டு இருந்த இடத்துத் துளைகளை உலோகத்தால் அடைத்திருப்பார்கள். குழலின் பழைய பற்றுத் துளையில் ஒரு சிறு உருளையைத் திருகி, அதன் மேல் குமிழை வைத்திருப்பார்கள். விலைக்காக இவற்றைத் திரும்பவும் சக்கிமுக்கியாக மாற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். அதை நான் பெரும் தீங்காகவே கருதுகிறேன். கைப்பிடியில் திருவிதாங்கூர் அரசின் சின்னமான வலம்புரிச் சங்கு பொறித்திருந்தால், பொறித்த பள்ளத்துக்குள்ளும் சுற்றியுள்ள உலோகத்தின் அதே கருமை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பள்ளம் மட்டும் பளிச்சென்று இருந்தால் சங்கு நேற்று வந்தது.

பராமரிப்பு எளிதுதான், பொறுமைதான் வேண்டும். சாரல் காலத்தில் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று செங்கோட்டையில் ஆணியைக்கூட விட்டுவைப்பதில்லை. வீட்டு வழக்கப்படி தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். நாளடைவில் அது சிக்குப்பிடித்துப் புளித்து இரும்பை அரிக்கும். மென்மையான பருத்தித் துணியில் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, உலோகப் பகுதிகளை மட்டும் ஒற்றுங்கள்; மரத்தில் படக் கூடாது. செந்துருப் பொடி இருந்தால் எண்ணெய் ஊறவிட்டு மூங்கில் சிம்பால் நெருடி எடுக்கலாம். இறுகிய பழுப்பு நிறப் படலத்தை அப்படியே விட்டுவிட வேண்டும், பல குழல்களுக்கு அந்தப் பழுப்பைத் தொழிற்சாலையிலேயே ஏற்றினார்கள். பித்தளைக்குப் புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் வேண்டாம். அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகு கிடைத்தால் மிக மெல்லியதாகப் பூசலாம். தோல் உறையிலும் வெல்வெட் விரித்த பெட்டியிலும் பூட்டி வைத்தால் அவை ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, ஈரக்காற்று புகாமல் நன்றாக மூடும் அலமாரி நல்லது. வெறும் குமிழின் மேல் சுத்தியலைத் தட்டி விளையாட யாரையும் விடாதீர்கள், குமிழ் பிளக்கும். பூட்டைக் கழற்றுவதைச் சரியான திருப்புளி வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

சேகரிப்பைத் தொடங்கலாமா என்றால், இரண்டு துப்பாக்கி என்ற வரம்புக்குள் சேகரிப்பு என்பது எண்ணிக்கையாக இருக்க முடியாது. ஆனால் துணைப்பொருள்களுக்கு அந்தத் தடை இல்லை. மருந்துக் குடுவை, குண்டு அச்சு, வெறுமையான கேப் டப்பா, திருப்புளி, கெட்டிக்கும் கம்பி, பழைய விலைப்பட்டியல், உரிமச் சீட்டு ஆகியவற்றைச் சேர்த்தே ஒருவர் அந்தக் காலத்தை முழுமையாக அறியலாம். மருந்தோடு இருக்கும் கேப்புகளை மட்டும் தொடாதீர்கள். கண் பழகுவதற்குச் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்துக்கும் போய், கண்ணாடிக்கு இப்பால் நின்று பூட்டுகளை மட்டும் பாருங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை வெளிநாட்டுக்கு விற்கும் எண்ணம் வந்தால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தனியார் ஏற்றுமதியைத் தடுக்கிறது என்பதை அறிந்திருங்கள்.

அந்தக் குண்டு அச்சைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் ஆவலைத் தூண்டுகிறது. அதன் கையிலோ மூட்டுக்குப் பக்கத்திலோ எண் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். அச்சின் குழிவை அளந்து குழல் வாயோடு ஒப்பிடுங்கள். குண்டு சற்றே சிறிதாக, சுற்றிலும் ஒரு மெல்லிய துணியோ காகிதமோ நுழையும் இடைவெளியோடு பொருந்தினால், இரண்டும் ஒன்றாகவே உங்கள் தாத்தாவிடம் வந்திருக்க வாய்ப்பு அதிகம். பொருந்தாவிட்டால் அந்த வீட்டில் வேறொரு துப்பாக்கியும் ஒரு காலத்தில் இருந்திருக்கலாம். அது எங்கே போயிற்று என்பதை மூத்தவர்களிடம் கேட்டு, காவல் நிலையத்துக்கு எழுதும் கடிதத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.